எம்ஜிபி காரில் பிரேக் லைட் கோளாறு: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிக்கும் வழி

பழைய எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிற ஒருவரிடம், பிரேக் லைட் சுவிட்சை இதுவரை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார். என் 1966 ரோட்ஸ்டரில் (கூரை திறக்கும் எம்ஜிபி) நான் மூன்று மாற்றியிருக்கிறேன். மூன்றாவதை மாற்றிய பிறகுதான், கெட்டுப்போவது சுவிட்ச் என்றாலும் அதைக் கெடுப்பது வேறொன்று என்று புரிந்தது. அதைச் சரிசெய்யாமல் புது சுவிட்ச் வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிற்கப்போவது தெரியாமலே போகும்.

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த கார் இது. இதில் பிரேக் லைட் சுவிட்ச் இரண்டு வகை. முந்தைய வண்டிகளில் இருப்பது பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சுவிட்ச். எஞ்சின் அறையில், பிரேக் குழாய்கள் கூடும் பித்தளைச் சந்தியில் திருகியிருக்கும். பிந்தைய வண்டிகளில் பெடல் பெட்டியில் பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்று இருக்கும், பெடல் நகர்ந்தால் வேலை செய்யும். முதலில் உங்களுடையது எது என்று பானட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வயர் நிறம் ஒன்றுதான்: பச்சை வயர் பியூஸிலிருந்து மின்சாரம் கொண்டுவரும், ஊதாக் கோடு போட்ட பச்சை வயர் சுவிட்சிலிருந்து பின் விளக்குகளுக்குப் போகும்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு மல்டிமீட்டர், இரண்டு முனையிலும் கிளிப் உள்ள ஒரு துண்டு வயர், பித்தளை பிரஷ், பழைய துணி. உதவிக்கு ஆள் இல்லையென்றால் வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்பக்கமாக நிறுத்துங்கள். மாலை இருட்டில் மிதித்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வேறொருவர் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் அதோடு போய்விட்டது. இனி நாமே பார்த்தால்தான் உண்டு.

அறிகுறி: எதுவுமே எரியவில்லை

சாவியைத் திருப்பி இண்டிகேட்டரைப் போடுங்கள், பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். அவையும் வேலை செய்யவில்லையென்றால் சுவிட்ச் பக்கமே போக வேண்டாம். பச்சை வயர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பியூஸ்தான் பிரச்சினை. பியூஸ் எரியாமல் இருக்கும்போதே கூட அதைப் பிடித்திருக்கும் கிளிப்பில் களிம்பு ஏறி மின்சாரம் போகாமல் இருக்கலாம். பியூஸைக் கழற்றி, கிளிப்பைப் பளபளக்கத் தேய்த்து, கொஞ்சம் நெருக்கிவிட்டுப் போடுங்கள். பியூஸின் அளவிலும் கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் கண்ணாடி பியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். வேறு நாட்டு பியூஸில் 35 என்று இருந்தால் அது தொடர்ந்து தாங்கும் அளவாக இருக்கலாம். அதை மாட்டினால் பியூஸ் போவதற்கு முன் வயர் கருகும்.

இண்டிகேட்டர் எரிகிறது, பிரேக் லைட் மட்டும் இல்லை என்றால் சுவிட்சின் இரண்டு வயர்களையும் உருவி, துண்டு வயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். அப்போது எந்த வயரும் பாடியில் படக்கூடாது. பின்னால் விளக்கு எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது. எரியவில்லையென்றால் சுவிட்சின் மேல் தவறில்லை. பச்சை வயரில் மின்சாரம் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வந்தால் அங்கிருந்து டிக்கி வரைக்கும் போகும் புல்லட் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கறுப்பு ரப்பர் உறைக்குள் இருக்கும் அந்தச் சின்னக் குழாய்களில் ஐம்பது வருட ஈரம் இருக்கும். இழுத்தால் பச்சைப் பொடி கொட்டும். சுரண்டிச் சுத்தம் செய்வதைவிடப் புதுக் குழாய் போடுவதே நல்லது, விலை ஒன்றும் பெரிதில்லை.

அறிகுறி: அழுத்தி மிதித்தால்தான் எரிகிறது

இதுதான் இந்தக் கார்களின் தீராத வியாதி, ஆபத்தும் இதில்தான் அதிகம். கராஜில் நின்றுகொண்டு பலமாக மிதித்தால் விளக்கு பளிச்சென்று எரியும், எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். சாலையில், சிக்னலை நோக்கி மெதுவாக வேகம் குறைக்கும்போது பெடலைத் தொட்டும் தொடாமலும் மிதிப்போம். அப்போது பின்னால் இருட்டு. எனக்கு இது தெரியவந்ததே, ஒரு மழைக்கால மாலையில் என் பின்னால் வந்த நண்பர் வீட்டுக்கு வந்து இறங்கியதும், "நீ நின்ற பிறகுதான்பா லைட் வருது" என்று சொன்னபோதுதான்.

ஏன் இப்படி ஆகிறது என்று பார்க்க, கழற்றிய சுவிட்சை வைஸில் பிடித்து ரம்பத்தால் அறுத்தேன். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதன் மேல் ஸ்பிரிங்கோடு ஒரு செம்புத் தகடு. ஆயில் சவ்வைத் தள்ளினால், சவ்வு தகட்டைத் தள்ளும், தகடு போய் இரண்டு முனைகளையும் சேர்க்கும். அவ்வளவுதான் அதன் வேலை. என் தகட்டில் முனைகள் படும் இரண்டு இடங்களும் கறுத்து, குழி விழுந்து, அம்மைத் தழும்பு போல இருந்தன. விரலால் தடவினால் கரி ஒட்டியது. நடுப்பகுதி மட்டும் புதுச் செம்பாக மின்னியது.

அந்தக் கரிக்குக் காரணம் மின்சாரத்தின் அளவு. பின்னால் இரண்டு 21 வாட் பல்புகள், சேர்த்து 42 வாட். 12 வோல்ட்டில் அது 3.5 ஆம்பியர். கேட்கச் சிறியதாகத் தெரியும். ஆனால் குளிர்ந்திருக்கும் டங்ஸ்டன் இழை எரியத் தொடங்கும் கணத்தில் அதைப்போல் சுமார் பத்து மடங்கு இழுக்கும். சாதாரணச் சுவிட்ச் 'டக்' என்று மூடிக்கொள்ளும். இதுவோ ஆயில் அழுத்தம் ஏற ஏற மெல்ல நெருங்கி மூடுகிறது, மெல்ல விலகித் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும், தகடு கொஞ்சம் கருகும். கருகிய இடத்தில் மின்சாரம் போக வேண்டுமென்றால் இன்னும் பலமாக அழுத்த வேண்டும். நாம் இன்னும் பலமாக மிதிப்போம்.

ஆகவே புது சுவிட்ச் மட்டும் போடுவது மருந்தல்ல. இப்போது கடைகளில் கிடைக்கும் புதியவை பல, பழையவை தாங்கிய காலம் கூடத் தாங்குவதில்லை. டாட் 5 வகை சிலிக்கான் பிரேக் ஆயில் ஊற்றிய வண்டிகளில் இந்தச் சுவிட்ச் இன்னும் சீக்கிரம் போகிறது என்று பல உரிமையாளர்கள் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியென்றால் கீழே சொல்லும் மாற்றங்களில் பெடல் சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள்.

என் கருத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்காந்தச் சுவிட்ச், ஒன்றைப் பொருத்துவது. விளக்கின் மின்சாரத்தை ரிலே சுமக்கட்டும், சுவிட்ச் ரிலேயின் சுருளை மட்டும் இயக்கட்டும். சாதாரண 12 வோல்ட் கார் ரிலேயின் சுருள் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான். 3.5 எங்கே, 0.15 எங்கே!

இணைப்பு இப்படி. சுவிட்சுக்கு வரும் பச்சை வயரை அப்படியே விடுங்கள். சுவிட்சின் மறு முனையில் இருந்த ஊதாக் கோடு வயரை உருவி, அந்த முனையிலிருந்து புது வயர் ஒன்றை ரிலேயில் 86 என்று எண் போட்ட முனைக்குக் கொண்டுபோங்கள். 85 முனையை பாடியின் உலோகத்தோடு இணைத்து எர்த் செய்யுங்கள். 30-க்குப் பழுப்பு வயர் சுற்றிலிருந்து, 10 ஆம்பியர் பியூஸ் ஒன்றைத் தனியாக இடையில் வைத்து, நேரடி மின்சாரம் கொடுங்கள். அந்த பியூஸ் மின்சாரம் எடுக்கும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். உருவிய ஊதாக் கோடு வயரை 87-ல் மாட்டுங்கள். சுருளுக்கு மின்சாரம் பச்சை வயர் வழியாக வருவதால், சாவி போட்டால்தான் பிரேக் லைட் எரியும் என்ற பழைய ஏற்பாடு மாறாது. எந்த வயரையும் வெட்டவில்லை என்பதால் ரிலே வழியில் கெட்டுப்போனாலும் ஊதாக் கோடு வயரைப் பழையபடி சுவிட்சில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ரிலே செத்தால் இரண்டு விளக்கும் ஒன்றாகப் போகும்.

ஒரு நுணுக்கம். ரிலேச் சுருளின் மின்சாரத்தைத் துண்டிக்கும்போது அதுவும் ஒரு பொறியைக் கிளப்பும். அதை அடக்க ரிலேக்குள்ளேயே ரெசிஸ்டர் வைத்தது கிடைக்கும், டயோடு (ஒரே திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது) வைத்ததும் கிடைக்கும். 1967 கடைசிக்கு முந்தைய எம்ஜிபிகள் பாசிட்டிவ் எர்த், அதாவது பாடி பேட்டரியின் பாசிட்டிவோடு சேர்ந்திருக்கும். அவற்றில் டயோடு வைத்த ரிலேயை மேலே சொன்னபடி மாட்டினால் டயோடு தலைகீழாகிவிடும், பெடலை மிதித்ததும் பச்சை பியூஸ் போய்விடும். 85, 86 இரண்டையும் இடம் மாற்றினால் சரி. ரெசிஸ்டர் வைத்ததை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை, நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

ரிலே போட்டாலும், எவ்வளவு அழுத்தத்தில் சுவிட்ச் மூடுகிறது என்பது மாறாது. தொட்டதும் எரிய வேண்டுமென்றால் இரண்டு வழி. குறைந்த அழுத்தத்திலேயே மூடும் ஆயில் சுவிட்ச் வாங்கிப் போடலாம். மோட்டார் சைக்கிள்களுக்கு என்று செய்தவற்றை இதற்காகப் பலர் பயன்படுத்துகிறார்கள். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரை ஒன்றுதானா என்று பாருங்கள். சந்தியில் கையால் சில சுற்று தடையில்லாமல் ஏறாவிட்டால் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். பித்தளை மரை போனால் சந்தியையே மாற்ற வேண்டிவரும்.

இரண்டாவது வழி, எனக்குப் பிடித்தது, பெடல் அருகே ஒரு தகட்டை வளைத்துப் பொருத்தி அதில் பெடல் சுவிட்ச் ஒன்றைச் சேர்ப்பது. அதன் இரண்டு முனைகளையும் ஆயில் சுவிட்சின் முனைகளோடு இணையாக இணைத்துவிட்டால் எது முந்துகிறதோ அது விளக்கை எரிய வைக்கும். ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும். ஆயில் கசிந்து அழுத்தமே ஏறாத நேரத்திலும், கால் பெடலில் பட்டால் பின்னால் வருகிறவருக்குத் தெரியும்.

ஆயில் சுவிட்சை மாற்றும்போது பிரேக்கில் காற்று புகாமல் இருக்க ஒரு பழைய வழி உண்டு. மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து, வாயில் ஒரு பாலிதீன் தாளை விரித்து, அதன் மேல் மூடியைத் திருகுங்கள். மூடியின் காற்றுத் துளை அடைபட்டுப்போவதால் கீழே சுவிட்சைக் கழற்றும்போது ஆயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். புதுச் சுவிட்சைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, சந்தியை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, மற்றதால் பழையதைக் கழற்றி, உடனே புதியதைத் திருகுங்கள். வேலை முடிந்ததும் பாலிதீனை எடுக்க மறக்காதீர்கள். அதன்பின் பெடல் பஞ்சு போல அமுங்கினால் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துத்தான் ஆக வேண்டும். சிந்திய ஆயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள், டாட் 4 வகை ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும்.

அறிகுறி: எரிகிறது, ஆனால் மங்கல்

பல்ப் விளக்கின் வெளிச்சம் வோல்ட்டேஜோடு ஒரே அளவில் குறைவதில்லை, அதைவிட வேகமாகக் குறையும். 12.6 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 10.5 மட்டும் கிடைத்தால் வெளிச்சம் ஏறக்குறைய பாதிதான். பகல் வெயிலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது.

வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்க்க மீட்டரின் ஓம் (மின்தடை) அளவைப் பயன்படுத்தாதீர்கள். மீட்டர் செலுத்துவது மிகச் சிறிய மின்சாரம் என்பதால் கருகிப்போன சுவிட்சும் நல்லதாகத் தெரியும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது சுவிட்சின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து வோல்ட் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் நல்லது. என்னுடையதில் 1.7 காட்டியது. மூன்றுக்கு மேல் ஆம்பியர் ஓடும்போது 1.7 வோல்ட் தொலைகிறதென்றால் ஐந்து வாட்டுக்கும் மேல் சுவிட்சுக்குள்ளேயே வெப்பமாகிறது. டெயில் லைட் இழை ஒன்றை அந்தச் சின்ன உடலுக்குள் வைத்து எரிப்பதற்குச் சமம். சிறிது நேரம் மிதித்தபடி இருந்துவிட்டுத் தொட்டால் சூடு தெரியும்.

சுவிட்ச் சரியென்றால் அதே சோதனையை எர்த் பக்கம் செய்யுங்கள்: ஒரு முனை பல்ப் ஹோல்டரின் உலோகத்தில், மறு முனை பாடியில். அங்கே அரை வோல்ட் தெரிந்தாலும் எர்த் சுத்தமில்லை.

அறிகுறி: ஒரு பக்கம் மட்டும் எரிகிறது

இதற்குச் சுவிட்ச் காரணமாக இருக்கவே முடியாது, இரண்டு பக்கத்துக்கும் சுவிட்ச் ஒன்றுதான். பல்பைப் பாருங்கள், பிறகு ஹோல்டரின் அடியில் இருக்கும் தொடுமுனைகளைப் பாருங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்து அமுங்கியே இருந்தால் பல்பைத் தொடாது. இந்த பல்பில் இரண்டு இழைகள், பக்கத்து முளைகள் உயரம் மாறி இருக்கும். பலவந்தமாகத் திருப்பிப் போட்டால் டெயில் லைட் பிரகாசமாகவும் பிரேக் லைட் மங்கலாகவும் ஆகிவிடும்.

பக்கவாட்டு விளக்குகளை அணைத்துவிட்டு பிரேக்கை மிதிக்கும்போது டாஷ்போர்டு விளக்கு லேசாக மினுங்கினால் ஒரு பக்க எர்த் போய்விட்டது என்று அர்த்தம். பிரேக் இழைக்கு வந்த மின்சாரம் பாடிக்குப் போக வழியில்லாமல், அதே பல்பின் டெயில் இழை வழியாகத் திரும்பி, மற்ற விளக்குகளைச் சுற்றி எர்த் தேடுகிறது. விளக்குக் கூட்டைக் கழற்றி, அதன் எர்த் இணைப்பையும் அது பாடியைத் தொடும் இடத்தையும் உலோகம் தெரியத் தேய்த்தால் போதும்.

அறிகுறி: காலை எடுத்த பிறகும் அணையவில்லை

பெடல் சுவிட்ச் உள்ள வண்டியில், கால் விரலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பாருங்கள். அணைந்தால் பெடல் முழுதாகத் திரும்பி வரவில்லை. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது பெடல் அச்சில் எண்ணெய் வற்றியிருக்கும். பெடல் சரியாகத் திரும்பியும் அணையவில்லையென்றால் சுவிட்சின் பூட்டு நட்டைத் தளர்த்தி, விளக்கு அணையும் வரை பெடலை நோக்கித் திருகுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். சுவிட்சை அளவுக்கு மேல் திருகினால் அது பெடலைக் கொஞ்சம் கீழே தள்ளியே வைத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பிப் போகும் சிறு துளை அப்போது திறக்காது. ஓட ஓட ஆயில் சூடாகி விரியும், போக இடமில்லாமல் பிரேக்கைத் தானே பிடிக்கும். சரிசெய்த பிறகு பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள், தொடக்கத்தில் கொஞ்சம் வெற்று அசைவு இருந்தே ஆக வேண்டும். அதே நேரம், பெடல் கொஞ்சம் நகர்ந்ததுமே விளக்கும் எரிய வேண்டும்.

ஆயில் சுவிட்ச் உள்ள வண்டியில் விளக்கு அணையாவிட்டால் ஒரு வயரை உருவுங்கள். அணைந்தால் ஒன்று தகடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லை குழாயில் அழுத்தம் தங்கியிருக்கிறது. ஜாக்கில் தூக்கி முன் சக்கரத்தைக் கையால் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும். சக்கரம் இறுக்கமாக இருந்தால் பிரேக் பிடித்தே இருக்கிறது. அப்படியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். அணையாத அந்த விளக்கு உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அறிகுறி: சுவிட்ச் ஈரமாக இருக்கிறது

வயர் மாட்டும் முனைகளைச் சுற்றி ஈரம் கசிந்தால் உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. அன்றைக்கே மாற்றுங்கள். ஒற்றைச் சுற்று பிரேக் உள்ள பழைய வண்டியில் அந்தக் கசிவு நான்கு சக்கரத்துக்குமான ஆயில். ஈரம் மரைப் பக்கம் இருந்தால் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாம், நிற்காவிட்டால் கழற்றி இரண்டு மரையையும் பாருங்கள். டேப் சுற்றி அடைக்க வேண்டாம், அதன் துணுக்கு ஆயிலோடு போய்ச் சிறு துளைகளை அடைக்கும்.

அறிகுறி: மிதித்தால் பியூஸ் போகிறது

ஊதாக் கோடு வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. பியூஸ்களாகப் போட்டுத் தீர்க்காமல், பியூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்து இணையுங்கள். இண்டிகேட்டர், ஹீட்டர் விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பின் பல்புகள் இரண்டையும் கழற்றி, பெடலைக் கட்டையால் அழுத்தி வையுங்கள். ஷார்ட் இருந்தால் சோதனை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும். பிறகு டிக்கியில் வயர்களை ஓரிடம் ஓரிடமாக அசைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்ப் மங்குகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கும். தகட்டின் துளை வழியாக வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், என் வண்டியில் அது பொடியாகி உதிர்ந்திருந்தது.

ரிலே வைத்த வண்டியில் விளக்கு வயர் ஷார்ட் ஆனால் புதிதாகப் போட்ட 10 ஆம்பியர் பியூஸ் மட்டும் போகும், இண்டிகேட்டரும் வைப்பரும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வண்டியில் சோதனை பல்பைப் புது பியூஸின் இடத்தில் இணைத்து இதே போலத் தேடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மாலையில் வண்டியைச் சுவர் அருகே நிறுத்தி, பெடலைக் கட்டைவிரலால் மட்டும் அழுத்துங்கள். பெடல் சுவிட்ச் இருந்தால் அதற்கே சுவர் சிவக்கும். ஆயில் சுவிட்ச் மட்டும் என்றால் உள்ளங்கையால் லேசாகத் தள்ளும் அழுத்தத்துக்குள் சிவக்க வேண்டும்.